பாரத்தை முருகன் மேல் போட்டவர்

என் வலது பக்கக் காறை எலும்பு நேராக இல்லை. உடைந்து, ஒரு துண்டின் மேல் மற்றது ஏறி, அப்படியே ஒட்டிக்கொண்டது. கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு புடைப்பு, சட்டைக்கு மேலேயே தெரியும். அதைத் தந்த மனிதரை நான் ஒரு நாளும் தேடியதில்லை. தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தி.நகரில் நான் முன்பு வேலை பார்த்த அதே ஜவுளிக்கடையில்தான் அவர் இருந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர் வரிசையில் நின்று ஒரு டீ குடிப்பேன். கண்ணாடிக் கதவுக்குள் அவர் நடமாடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். ஆள் இருக்கிறாரா, நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வேன். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம். நோயில் விழுந்தவரையும் செத்தவரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டினேன். வடபழனி கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறினேன். அடையாறில் ஒரு அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளுக்குக் கேட் திறந்தேன். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. சில இடங்களில் அவர்களே அனுப்பிவிட்டார்கள். பல இடங்களில் நானே ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த ஜவுளிக்கடையில் மட்டும் தங்கிவிடலாம் என்று நினைத்தேன். மேல்மாடியில் படுக்க இடம், வேளாவேளைக்குச் சாப்பாடு, என் வயசுப் பையன்களோடு கிண்டலும் சிரிப்பும். ஒருவன் எனக்குத் தலை வாரிவிடுவான், இன்னொருவன் என் கைலியைக் கட்டிக்கொண்டு திரிவான். எனக்கு அதற்கு முன்னால் அப்படி ஒரு இடம் அமைந்ததில்லை.

எங்கள் தளத்துக்கு மேற்பார்வை பார்த்தவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். தெற்கே இருந்து வந்தவர். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம் என்று பேச்சு. நெற்றி நிறைய விபூதி, கையில் முருகன் மோதிரம். காலையில் கடை திறந்ததும் கல்லாவுக்கு மேலே இருக்கும் முருகன் படத்துக்கு அவர்தான் சூடம் காட்டுவார். எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார். எல்லாவற்றையும் அவனிடம் விட்டுவிட வேண்டும், அதற்குப் பெயர்தான் சரணாகதி என்பார். அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது அவர் வாயில்தான்.

தீபாவளி நெருக்கத்தில் எனக்குக் காய்ச்சல். கீழ்த்தளத்துக் கிடங்கிலிருந்து சேலைக் கட்டுகளை மேலே ஏற்ற வேண்டும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. எங்களுக்குப் பின்பக்கத்துக் குறுகல் படி. கட்டைத் தலையில் வைத்தபோதே கண் இருட்டியது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"காய்ச்சலா? ஏல, தீவாளிச் சமயத்துல காய்ச்சல் உனக்கு மட்டுந்தான் வருமோ? எனக்கும்தான் மேலு சுடுது" என்றார்.

"நிக்க முடியல அண்ணாச்சி."

"நிக்கவா சொன்னேன்? ஏறத்தான சொன்னேன். பாரத்த முருகன் மேல போட்டுட்டு ஏறுல. அவன் பாத்துக்கிடுவான்."

பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் ஏறினேன். இரண்டாவது திருப்பத்தில் முருகன் பாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. நான் மல்லாக்க விழுந்தேன். கட்டு என் தோள் மேல் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது, முறுக்கு உடைவது போல.

குடித்துவிட்டு ஏறினான் என்று அவர் முதலாளியிடம் சொன்னார். காய்ச்சலுக்கு நான் நெஞ்சில் தேய்த்திருந்த தைலத்தின் வாடையைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு தோளையும் பின்னால் இழுத்துக் கட்டுப் போட்டார்கள். படுக்கை கிடைக்காமல் வராந்தாவில் கிடந்தேன். கட்டு சரியில்லை என்று ஒரு நர்ஸ் சொன்னார். மறுபடி கட்ட வேண்டிய நாளில் எனக்குச் சாப்பாட்டுக்கு வழி தேட வேண்டியிருந்ததால் போகவில்லை. எலும்பு அதன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. இதில் அழுது சொல்ல ஒன்றும் இல்லை. என் மாதிரி ஆட்களுக்கு எலும்பு இப்படித்தான் கூடும்.

ஆனால் குடிகாரன் என்று சொன்னது அப்படி இல்லை. என் தலையை வாரிவிட்டவன் என் பெட்டியைத் தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏன்டா இப்படிப் பண்ண?" என்று கேட்டான். அவனும் நம்பிவிட்டான். நான் கடைக்குத் திரும்பிப் போய் அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பையன்கள் எதிரில், இவன் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்.

அவர் முருகன் படத்தைக் காட்டினார். "நடந்தது நடந்து போச்சு. மனசுல வச்சிக்கிடாத. அவன்கிட்ட விட்டுரு. நான் எல்லாத்தையும் அவன்கிட்டதான் விட்டிருக்கேன்."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் புரிந்தது. அவர் இறக்கி வைத்தது எல்லாம் முருகனிடம் போகவில்லை. வழியில் நின்ற என் மேல் விழுந்தது. இவர் தோளில் ஒரு நாள் ஒரு பாரம் ஏற வேண்டும், அதை இறக்கி வைக்க ஆள் கிடைக்கக் கூடாது, அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதை நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. சாமியிடம் விட்டுவிடுவது அவருடைய பழக்கம்.

வருஷங்கள் போயின. மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சின்ன முருகன் கோயிலில் சாமி தூக்க ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் புறப்பாடு. தூக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி நொச்சிக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகிறவர். மாதா சப்பரத்துக்கும் அவர்தான் மேஸ்திரி. "அங்க மாதா, இங்க முருகன். தோளுக்கு இன்னா தெரியும் நைனா, வெயிட்டு ஒண்ணுதான்" என்பார். என் வலது தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வேணாம். லெப்டு மட்டும் குடு. தோள் மாத்தும்போது நீ வெளிய வந்துரு" என்றார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்த இரண்டு நாளைக்கு மட்டும் நான் எங்கே இருந்தாலும் மயிலாப்பூர் வந்துவிடுவேன். இடது தோள் மட்டும்தான். வலது தோளை முருகனுக்குக்கூட நான் கொடுத்ததில்லை.

சாமி தூக்குவதில் ஒரு விஷயம் இருக்கிறது. பல்லக்குக்கு அடியில் இரண்டு நீளத் தண்டுகள். அவற்றைத் தாங்கி முன்னும் பின்னும் ஆட்கள். புதிதாக வருகிறவன் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வான். தண்டைத் தோளால் முட்டித் தூக்குவான். தன் பக்தியைத் தோளில் காட்டுவான். அப்படித் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர்களின் பாரமும் சேர்ந்து அவன் மேல் இறங்கிவிடும். தோளைக் கொடுத்துவிட்டு, காலை மட்டும் மற்றவர்களோடு சேர்த்துப் போட வேண்டும். மேஸ்திரி எல்லோரிடமும் ஒரு தடவை சொல்வார்: "தூக்காத. உடு. அது தானா வரும்." ஒரு தடவைதான் சொல்வார். புரியாதவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

போன பங்குனியில் முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி ஒரு புது ஆளைக் கூட்டிவந்தார். "வேண்டுதல்காரரு. புள்ளைக்கி வெளிநாட்டு விசா வந்துகீது. ரெண்டு நாளும் தூக்கறேன்றாரு." வேட்டி, மேலே துண்டு, நெற்றி நிறைய விபூதி, முருகன் மோதிரம். முடி நரைத்திருந்தது. வேறு மாற்றம் இல்லை.

மேஸ்திரி எங்கள் தோள்களின் மேல் உள்ளங்கையை வைத்து உயரம் பார்த்து வரிசை போட்டார். அண்ணாச்சி எனக்கு நேர் முன்னால் வந்து நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் தாடி வைத்திருந்தேன், உடம்பும் வற்றியிருந்தது. அவர் கை வழியாக எத்தனையோ பையன்கள் போயிருப்பார்கள். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அதையும் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

"தூக்காதீங்க சார். உடுங்க. அது தானா வரும்" என்று மேஸ்திரி ஒரு தடவை சொன்னார்.

"எனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் அவன்கிட்ட விட்டவன்லா நான்" என்றார் அண்ணாச்சி.

அரோகரா என்று குரல் எழுந்ததும், நான் எதிர்பார்த்தபடியே அவர் குதிகாலை உயர்த்தித் தண்டை முட்டித் தூக்கினார். என் தோளில் இருந்த பாரம் பாதியாகக் குறைந்தது. அவர் கழுத்தில் நரம்பு புடைத்தது. பக்கத்தில் இருப்பவன் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்ல வேண்டியவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தெருவில் அவர் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. இரண்டாவது தெருவில் துண்டு நழுவி, தண்டு நேராகத் தோளில் உரசியது. தோல் சிவந்து, பிறகு வழன்றது. ஒவ்வொரு அடிக்கும் அவர் "முருகா, முருகா" என்றார். நான் பின்னால் பூச்சுமை தூக்குகிறவன் மாதிரி நடந்தேன். அவர் மனைவியும் உறவுக்காரர்களும் நடைபாதையில் கூடவே வந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக எடுங்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

மெட்ரோ வேலைக்காகப் பெரிய தெருவைத் தகரம் போட்டு அடைத்திருந்ததால், சாமி ஒரு சந்து வழியாகத் திரும்ப வேண்டியிருந்தது. முனையில் டிரான்ஸ்பார்மர். திருப்பத்தில் வெளிப்பக்கத்துத் தண்டு எங்களுடையது. பாரம் முழுக்க வெளியே சாயும் இடம். யாரோ உடைத்த தேங்காய்த் தண்ணீர் தரையில் கிடந்தது. அண்ணாச்சி குதிகாலில் எம்பிய நேரம் கால் வழுக்கியது. அவர் முழங்கால் மடங்கியது. தண்டு இறங்கியது. மேலே முருகன் ஒரு பக்கம் சாய்ந்தார்.

நான் பல வருஷம் காத்திருந்த நிமிஷம் அது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஆனால் தண்டு இறங்குவதைத் தோள் உணர்ந்ததும் என்னைக் கேட்காமல் உடம்பு போய்விட்டது. ஒரு எட்டு முன்னால் வைத்து, தலை குனிந்து தண்டுக்கு அந்தப் பக்கம் புகுந்து, அவர் தோளை ஒட்டி என் தோளைக் கொடுத்தேன். வலது தோள். உடைந்த இடத்தின் மேலேயே தண்டு வந்து உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சாமி நிமிர்ந்தார்.

அதற்கப்புறம் கோயில் வாசல் வரைக்கும் அப்படியே போனோம். அவர் தோள் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாரம் என் எலும்பில் இருந்தது.

இறக்கி வைத்ததும் அவர் குடும்பத்தார் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, கண் கலங்கச் சொன்னார்: "அந்த முக்குல கீழ விழப் பாத்தேன். முருகா, இனி நீதான்னு விட்டுட்டேன். அப்படியே விட்டுட்டேன். அந்த நிமிசத்துலருந்து பாரமே இல்ல பாத்துக்க. பஞ்சு மாதிரி ஆயிட்டு. சத்தியமாச் சொல்லுதேன், அவன்தான் வந்து தூக்குனான்."

அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் இரண்டு அடி தள்ளி, கையைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "இன்னா நைனா, நீ எப்ப முருகன் ஆன? சொல்லவே இல்ல" என்றார்.

அன்றைக்கு ராத்திரி பழைய மெஸ் திண்ணையில் உட்கார்ந்து தோளுக்கு ஒத்தடம் கொடுத்தேன். அந்த ஆள் மேல் இருந்ததைவிட என் தோள் மேல்தான் ஆத்திரம். என் எலும்பை உடைத்தவருக்கு அந்த எலும்பையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. இதுதான் சரணாகதி என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஒருவர் விட்டுவிட்டேன் என்று நிம்மதியாகச் சொல்லும் இடத்தில் எல்லாம், அவர் விட்டதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நிற்கிறார். வீட்டில் மனைவி நிற்கிறாள், கடையில் பையன் நிற்கிறான், தெருவில் என்னைப் போல ஒருவன் நிற்கிறான். அவர்களுக்கு யாரும் சூடம் காட்டுவதில்லை.

மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். தோளில் பிளாஸ்திரி, முகத்தில் வெளிச்சம். நேற்றைவிடப் பெரிய கூட்டம் அவரோடு. கடைப் பையன்களில் நான்கைந்து பேரைக்கூட அழைத்து வந்திருந்தார், முருகன் வந்து தூக்குவதைப் பார்க்க. என் காலத்துப் பையன்கள் இல்லை, புதியவர்கள். ஆனாலும் கடைப் பையன்கள்.

நான் அதே இடத்தில், அவருக்குப் பின்னால் நின்றேன். "வலிச்சா சொல்லு, வேற ஆள் போடறேன்" என்றார் மேஸ்திரி. வேண்டாம் என்றேன். அன்றைக்கு என் தோளிடம் பேசி முடித்திருந்தேன். இடது தோள், என் பங்கு. அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது, கீழே ஒரு நூல் கிடையாது.

முதல் தெருவிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. குதிகாலை உயர்த்தினார், தூக்கினார், முருகா என்றார். பஞ்சு வரவில்லை. நேற்று வழன்ற இடத்தில் பிளாஸ்திரி சுருண்டு, அதற்கடியில் ஈரம் தெரிந்தது. இரண்டாவது தெருவில் அவர் கால் மற்றவர்கள் காலோடு சேராமல் தடுமாறியது. சந்து முனை கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் தலையைப் பாதி திருப்பி என்னிடம் பேசினார்.

"தம்பி, கொஞ்சம் முன்னால வந்து தோள் குடுப்பா. முடியல."

"அவன்கிட்ட விட்டுருங்க அண்ணாச்சி" என்றேன்.

மயிலாப்பூரில் அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி என்பது கடைக்குள் கேட்கும் சொல். அவர் கழுத்து அப்படியே நின்றது. தண்டு நடந்துகொண்டிருந்ததால் முழுதாகத் திரும்ப முடியாது. கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டை இல்லாத என் வலது தோளைப் பார்த்தார்.

"நீ... பின்படிக்கட்டு..."

"ஆமா. காய்ச்சல்ல ஏறுனவன். குடிச்சிட்டு இல்ல."

 அவருக்கு மூச்சு வாங்கியது.  பிறகு, சின்னக் குரலில், "இல்லதான். குடிக்கலதான்" என்றார். முன்னால் தண்டைத் தாங்கியவனுக்குக் கேட்டிருக்கும். கடைப் பையன்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அன்றைக்குக் கடையில் முருகன் படத்துக்குக் கீழே நின்றேன். கிடைத்துவிட்டது. கிடைத்ததும் மனசு இளகும் என்று நினைத்தால், இல்லை. தோளைக் கொடுக்கவில்லை. என் பங்கோடு நடந்தேன்.

டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கமே மேஸ்திரி கவனித்துவிட்டார். கையைத் தட்டினார். "சாரு, வெளிய வாங்க. வாங்கன்றேன், சாமியக் கவுத்துடுவீங்க." அண்ணாச்சியின் கையைப் பிடித்து, தண்டுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்துவிட்டார். மாற்று ஆள் பின்னாலிருந்து வர வேண்டும். அண்ணாச்சி மெட்ரோ தகரத்தில் முதுகை வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி போனைக் கீழே இறக்கினார். கடைப் பையன்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சாமியைப் பார்த்தார்கள். வேண்டுதல் பாதியில் நின்றது. எல்லாவற்றையும் விட்டவர் தண்டையும் விட்டுவிட்டு நின்றார். அதை வாங்கிக்கொள்ள அவர் ஆட்களில் ஒருவரும் முன்வரவில்லை.

நான் பார்த்தேன். பார்க்கத்தான் வந்திருந்தேன். திருப்பம் முடியும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் விலகியதும்தான் ஒன்று உறைத்தது. தண்டு சடாரென்று கனத்தது. இரண்டு நாளும் அந்த ஆள் நிஜமாகவே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாமல், வீம்புக்கு, தப்பான விதத்தில், ஆனாலும் எங்கள் பங்கையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறார். அந்தப் பாரம் இப்போது மொத்தமாகப் பின்னால் இருந்த என் மேல் வந்து உட்கார்ந்தது. மாற்று ஆள் கூட்டத்தில் சிக்கிக்கொண்டு வந்துசேரவில்லை.

"தாங்குவியா?" என்று கத்தினார் மேஸ்திரி.

தாங்குவேன் என்றேன். ஒரு எட்டு முன்னால் போய், அவர் நின்ற இடத்தில் தண்டுக்கு அந்தப் பக்கம் புகுந்து வலது தோளைக் கொடுத்தேன். வலித்தது. தாங்குவியா என்று கேட்டு, நானே சரி என்று வாங்கிய பாரம்; சந்தோஷமாகத் தூக்கினேன்.